முதல் பரிவட்டம்

“ஒரே ஒரு பேர் சொல்லுங்க தாயே. நான் எழுந்து போயிடறேன்.”

நாட்டாமை ஒண்டிமுத்து இதே கேள்வியோடு மலையேறி வருவது நான்காவது முறை. முட்டிவலி வேறு உயிரை வாங்கியது.

“எதுக்குப் பேரு?” என்றாள் உலகம்மை. குகையில் தனியாக இருக்கும் துறவி. அவரைவிடப் பத்து வயது இளையவள்தான். ஆனாலும் குரு.

“ஊரை மீறிச் சேர்ந்து ஓடின செம்பாயியும் மருதனும் ஆத்து வெள்ளத்துல போய் வருஷமாச்சு. ஊர்ல பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது. என் பேத்தி கண்ணைத் திறந்து மூணு நாளாச்சு. ரெண்டு பேருக்கும் கல் நட்டுக் கும்பிடணுமாம். சாவுக்குக் காரணமானவன் கையாலதான் முதல் படையல் வைக்கணும்னு சாமியாடி சொல்லிட்டான்.”

“ஊர்ல கேட்டியா?”

“கேக்காமயா! பொண்ணோட அப்பன் பரிசல்காரனைக் காட்டறான். பரிசல்காரன் ஆத்தைக் காட்டறான். மருதனோட மாமன் விதிங்கறான். விதியையா கூட்டிட்டு வந்து பொங்கல் வைக்கச் சொல்றது?”

உலகம்மை நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“நாலு தடவையா இதே பாட்டு. சரி, கல் நட்டா முதல் பரிவட்டம் யாருக்கு?”

“அதை ஏன் கேக்கறீங்க! தெருவுக்குத் தெரு அடிதடி. கல்லே இன்னும் வந்து சேரல. அதுக்குள்ள ரெண்டு மண்டை உடைஞ்சாச்சு.”

“அந்தச் சாவுல யாருக்குப் பெரும்பங்கோ, அவனுக்குத்தான் முதல் பரிவட்டம்னு சொல்லு. வெள்ளிக்கிழமை நானே வந்து கட்டறேன்.”

“ஊரே காறித் துப்பும் தாயே!”

“போய்ச் சொல்லு.”

வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. ஒண்டிமுத்து சொன்னார்.

பரிசல்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“அக்கரைல விடச்சொல்லி அழுதாங்க. பரிசலைக் கவிழ்த்துப் போட்டுட்டு, ‘நீந்திப் போங்க’ன்னது நான்தான்.”

“இவன் பெரிய இவன்!” செம்பாயியின் அப்பன் பாய்ந்து வந்தான். “பெத்தவன் நான் இருக்கேன். அரிவாளோட கரை வரைக்கும் விரட்டினது யாரு?”

“அதுக்கும் முன்னால என் வாசல்லதானே வந்து நின்னாங்க? மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினவன் நான்!” மருதனின் மாமன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்தான். மானங்கெட்ட ஊர். ஒண்டிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பயல்களுக்கெல்லாம் பரிவட்டமா? மூன்று தலைமுறையாகத் தன் வீட்டு மரியாதை அது.

“நிறுத்துங்கடா!” கைத்தடியால் தரையில் ஓங்கி அடித்தார். “அவனவன் சொந்தப் புத்தியிலயா செஞ்சீங்க? அதுங்களுக்கு ஒரு வாய்த் தண்ணிகூடத் தரக்கூடாதுன்னு தீர்ப்பு சொன்னது யாரு? ‘போகட்டும், வாழட்டும்’னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்குக் கைக்குழந்தையோட இருந்திருப்பாங்கடா ரெண்டு பேரும்! எனக்கு முன்னால எவன்டா நிக்கிறது?”

எவனும் நிற்கவில்லை. எல்லாத் தெருவும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

உலகம்மை பட்டுத்துணியை உதறினாள்.

“குனி.”

ஒண்டிமுத்து குனிந்தார். அவள் கட்டி முடித்து நகர்ந்த பிறகும் அவர் நிமிரவில்லை.