சும்மா இருந்த இடங்கள்

“அவ கேக்குறதுக்கு முந்தியே நான் பதில் சொல்லுதேன், டீச்சர்.”

வேதமாணிக்கம் முறையிட்டார். ஷமீமா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது அவள் தொழில். அவரில் பாதி வயதுதான். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதென்ன வயது என்று அவர் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

“நானே சரி பண்ணித் தரவா அண்ணாச்சி?” என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

“வேண்டாம். சொல்லிக் குடுங்க, போதும். அதுல வேற கை பட வேண்டாம்.”

அது, மனைவி ரூபியோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு.

ரூபி மஸ்கட்டில் நர்ஸ். வீடியோ காலில் பேசும்போது அவரவர் முகத்தை இன்னொரு செல்லில் பதிவு செய்வோம், கல்யாண நாளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமாக்குவோம் என்றது அவள் யோசனை. கல்யாண நாளுக்கு முன்பே அவள் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். சாமான்களோடு அந்தச் செல்லும் வந்து சேர்ந்தது.

“ஓட்டுங்க,” என்றாள் ஷமீமா.

ஓட்டினார். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் ரூபி. கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது.

“முட்டுவலி எப்படி இருக்கு?” என்றாள் ரூபி.

“சாளைமீன். சுமாராத்தான் வச்சேன்.”

“இன்னைக்கு என்ன குழம்பு?”

அதற்குள் அவர் கரண்டு பில்லுக்குப் போயிருந்தார்.

ஷமீமாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். ஒரு வருஷமாக வீட்டில் அவரை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. கேட்கிற ஒருத்திக்கும் பதில் பொருந்தவில்லை என்றால் மனுஷனுக்கு அழுகை வராதா?

“ஒவ்வொரு துண்டா நகத்திப் பாத்துட்டேன் டீச்சர். இதைச் சேத்தா அது விலகுது.”

“மொதல்ல எங்க விலகுச்சு?”

பின்னால் போய்த் தேடினார். திரையில் அவர் பக்கத்துப் படத்துண்டுகளின் வரிசையில் ஒரு வெட்டு.

“இங்க என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருந்தேன். அந்த மாதிரி எடத்தையெல்லாம் எடுத்துட்டேன்.”

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். சும்மா நிற்கிற வண்டியைக் கண்டால் விசில் ஊதியே விரட்டிவிடுவார். தன் படத்தை மட்டும் விடுவாரா?

“அவங்க பக்கம்?”

“அவ பக்கம் கை வைக்க மனசு வரல.”

ஷமீமா பென்சில் நுனியால் திரையில், வெட்டுப்பட்ட துண்டின் ஓரத்தைக் காட்டினாள்.

“இதைப் பிடிச்சு இழுங்க.”

இழுத்தார். மடித்துத் தைத்த விளிம்பைப் பிரித்தது போல, வெட்டிய பகுதி உள்ளேயிருந்து வெளியே வந்தது. பின்னாலிருந்த துண்டுகள் தாமாகவே நகர்ந்து இடம் விட்டன.

“இது போயிருச்சுன்னுல்லா நெனச்சேன்.”

“அங்கதான் இருக்கும் அண்ணாச்சி.”

ஒவ்வொரு வெட்டாக இழுத்துவிட்டார். முட்டுவலி முட்டுவலிக்கு வந்தது. சாளைமீன் குழம்புக்கு வந்தது.

மதியத்தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஷமீமா சாவியை எடுத்தாள்.

“அண்ணாச்சி, கடையை அடைக்கணும். எல்லாந்தான் சேந்துருச்சே.”

அவர் முதல் வெட்டிருந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தார். திரையில் இடப்பக்கம், கையை மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் ரூபியும் ஒன்றும் பேசவில்லை. தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி?”

“ஒரு நிமிஷம் டீச்சர்,” என்றார் வேதமாணிக்கம். “நாங்க பேசிக்கிட்டிருக்கோம்.”