பட்டினி கிடந்த ராஜ விருந்தாளி

கடல் கோட்டை மதிலை உரசிக்கொண்டிருந்த காலத்துக் கதை இது. பெரியவர்களும் கேட்கலாம், குழந்தைகளும் கேட்கலாம்.

சங்குமுனை என்ற பட்டினத்தில் கொம்பையா என்று ஒருவர் இருந்தார். ஒரு பண்ணையில் மாடுகட்டிக் கமலையால் கிணற்று நீர் இறைத்துப் பிழைத்தவர். தலை நரைத்ததும் பண்ணைக்காரர் கும்பிட்டு, வேட்டி துண்டு கொடுத்து, "இனிமே ஓய்வா இருங்க" என்று அனுப்பிவிட்டார். ஓய்வு சோறு போடுமா?

அவருக்கு இரண்டு பிள்ளைகள். கெட்டவர்கள் இல்லை, ஏழைகள். "அப்பா என்னோட இருக்கட்டும்" என்றான் மூத்தவன். "அம்மா என்னோட இருக்கட்டும்" என்றான் இளையவன். ஒருவன் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், மற்றவன் வீடு மலைக்கு அந்தப் பக்கம். அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு வண்டி வரும் என்று பேசி முடித்துவிட்டார்கள். கொம்பையாவின் மனைவி உடையாள், நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பையே திரும்பத் திரும்ப ஊதினாள்.

அறுவடைக்குள் ஒரு வேலை கிடைத்தால் கணவன் மனைவி இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எண்ணெய்ச் செக்குக்குப் போனார். முதலாளி எழுந்து நின்று, பாய் விரித்து, மோர் கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் போனார். அங்கேயும் பாய், மோர். "உங்களைப் போய் மூட்டை தூக்கச் சொல்வேனா? பாவம் சேருமய்யா." துறைமுகத்துக்குப் போனார். அங்கே மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மரியாதையைக் குடித்துக் குடித்தே மனுஷனுக்கு வயிறு உப்பிப்போனது.

துறைமுகமெங்கும் ஒரே பேச்சு. தூரதேசத்து ராஜா நம் ராஜாவுக்கு ஒரு மிருகத்தைப் பரிசாக அனுப்பியிருந்தார். அதன் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. கழுத்து பாதிப் பனை உயரம். உடம்பெல்லாம் காய்ந்து வெடித்த குளம்போலத் திட்டுத் திட்டு. கூட வந்த பாகன் நடுக்கடலிலேயே காய்ச்சலில் போய்விட்டானாம்.

ராஜா அதை விருந்தாளியாகவே நடத்தினார். அரண்மனைத் தோட்டத்து முள்மரங்களை வெட்டி, மணல் பரப்பி, யானைக்கு வைப்பதுபோல் கரும்பும் வெல்லச் சோறும் வைத்தார்கள். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்தது. "இதைச் சாப்பிட வைப்பவருக்கே இதைப் பராமரிக்கும் வேலை" என்று முரசறைந்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். முதலாமவன், "இது ஒட்டகத்துக்குத் தம்பி, எனக்குத் தெரியும்" என்று கொள்ளு வைத்தான். இரண்டாமவன், "இது மானுக்கு மாமன், எனக்குத் தெரியும்" என்று அறுகம்புல் வைத்தான். இரண்டும் வைத்தபடியே கிடந்தன.

மூன்றாவதாக வந்தவர் கொம்பையா. "உமக்கு இதைப் பற்றி என்னய்யா தெரியும்?" என்றார் அரண்மனைக் காரியக்காரர்.

"ஒண்ணும் தெரியாதுங்க. அதுகிட்டதான் கேக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையா, "என்னப்பா வேணும் உனக்கு?" என்று கேட்டபடி அதன் கட்டை அவிழ்த்துவிட்டு, அது போன போக்கில் பின்னாலேயே நடந்தார். அது கரும்பைத் தாண்டியது, சோற்றைத் தாண்டியது, மதிலோரம் போய் நின்றது. மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி, வெளியே நின்ற முள் அடர்ந்த உடைமரத்தைப் பார்த்து நாக்கை நீட்டியது. நாவற்பழ நிறத்தில், முழ நீள நாக்கு. எட்டவில்லை.

கொம்பையா வெளியே போய்த் துரட்டிக் கோலால் ஒரு கிளையை இழுத்துக் கொடுத்தார். முள்ளோடு சேர்த்து அது மென்ற சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"விருந்தாளிக்கு முள்ளா என்றுதானே எல்லாவற்றையும் வெட்டினோம்" என்று, பார்த்துக்கொண்டிருந்த ராஜா தலையில் கைவைத்தார். பிறகு மனம் குளிர்ந்து, "இந்தப் பெரியவருக்குப் பட்டுப் போர்த்துங்கள். பல்லக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புங்கள். இந்த வயதில் இவரை வேலை வாங்குவது தகாது, ஒரு வாலிபனைப் பாருங்கள்" என்றார்.

கொம்பையா சொன்னார்: "மகாராஜா, அதுக்குக் கரும்பு வச்சீங்க. எனக்குப் பட்டு போத்துறீங்க."

ராஜா அந்த மிருகத்தைப் பார்த்தார், பிறகு கொம்பையாவைப் பார்த்தார்.

"உமக்கு என்ன வேண்டும்?"

அறுவடை முடிந்ததும் இரண்டு வண்டிகளும் வந்தன. மிருகத்தைப் பராமரிக்கும் வேலையோடு கொம்பையாவுக்குக் கிடைத்த தோட்டத்துக் குடிசையில் உடையாள் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டாள். சாப்பிட்டார்கள், வெறும் வண்டியோடு திரும்பினார்கள்.

ஒருவருக்கு எது நல்லது என்று நாமே முடிவு கட்டாமல், என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பதுதான் உண்மையான மரியாதை.