மகாராஜாவின் வயசும் போனின் பூட்டும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கையில் இருக்கிற போனை மடியில் போட்டுக்கோங்க. இது போன் காணாமல் போன கதை.

பொழிலூர் மகாராஜா கோமதிநாயகத்துக்கு அரண்மனை உண்டு, ஆனை உண்டு, ஸ்மார்ட்போனும் உண்டு. அவருக்குப் பின்னால் நின்று சாமரம் வீசுகிறவள் உலகம்மை. இருபது வருஷமாக வீசுகிறாள். ராஜா முதுகுக்குப் பின்னால் நிற்கிறவளுக்குத் தெரியாத ரகசியம் ஏது? எல்லாம் கேட்பாள். காதோடு வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் சபை விகடர் பேச்சிமுத்து ராஜா பக்கம் குனிந்தார்.

"மகாராஜா, பிறந்த வருஷத்தையே போனுக்குப் பூட்டு எண்ணாகப் போட்டிருக்கிறீர்களாமே? அதைத்தான் கட்டியக்காரர் தினமும் ஊர் கேட்கக் கூவுகிறாரே!"

நிஜந்தான். ராஜா சபைக்குள் கால் வைத்ததும் கட்டியக்காரர் ஆவுடையப்பன் கோலைத் தட்டி ஆரம்பிப்பார்: "கலி வருஷம் ஐயாயிரத்து எண்பத்தொன்றில் அவதரித்த, எதிரிகள் நடுங்கும் கோமதிநாயக மகாராஜா வருகிறார், பராக்!"

ராஜா மீசைக்குள்ளே சிரித்தார். "ஓய், மெதுவாப் பேசும். அவர் கூவுகிறது நான் சொல்லிக்கொடுத்த வருஷம். ஆறு வயசைக் குறைச்சுச் சொல்லிக்கொடுத்தேன். போனில் இருக்கிறதுதான் நிஜ வருஷம். எவனால் திறக்க முடியும்?"

உலகம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாமரத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. போனை வாங்கி அரை நாழிகை என்னவோ நோண்டினார். பிறகு, "இதில் ஒரு திருடனை அதட்டுகிற மாதிரிப் பேசுங்கள் மகாராஜா" என்றார். ராஜாவும் குஷியாக அதட்டினார்.

எட்டாம் நாள் ராஜா போனைத் திண்டின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தால் திண்டு இருக்கிறது, போன் இல்லை!

அதில் இருந்தது ராஜா படம் மட்டுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் வேஷம் போட்டுத் திரிகிற ஒற்றர்கள் பேரெல்லாம் அதில்தான். எதிரி கையில் சிக்கினால் அத்தனை பேர் தலையும் போகும்.

முதல் மந்திரியான பிரதானி திருமலைக்கொழுந்து முந்திக்கொண்டு எழுந்தார். "பக்கத்தில் நின்றவள் இவள் ஒருத்திதான். வேறு யார் எடுப்பார்கள்?"

காவலர்கள் உலகம்மை குடிசையைக் குடைந்தார்கள். மடைப்பள்ளிப் பானைகளைக் கவிழ்த்தார்கள். வேலைக்காரிகளின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். பெரிய மனுஷர்களின் தலைப்பாகையை மட்டும் தொடவில்லை. அதைத் தொடுவது அந்த ஊரில் மகா அவமரியாதை.

"நாளை உச்சிக்குள் போன் வரவில்லையென்றால் நீ எல்லை தாண்ட வேண்டியதுதான்" என்றார் ராஜா. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உலகம்மை பேச்சிமுத்துவிடம் ஓடினாள். "ஐயா, நான் எடுக்கலை ஐயா!"

"தெரியும் தாயி. யாராவது தப்பு எண் போட்டால் ராணியம்மா போனுக்குச் சேதி வரும்படி வைத்திருந்தேன். ரெண்டு சேதி வந்திருக்கு. திருடன் முதலில் போட்டது ஐயாயிரத்து எண்பத்தொன்று. அடுத்தது ராணியம்மா பிறந்த வருஷம்."

"எனக்குத்தான் நிஜ வருஷம் தெரியுமே! நான் எடுத்திருந்தா முதல் தடவையே திறந்திருப்பேனே! இதைச் சபையிலே சொல்லுங்க ஐயா."

"சொல்லலாம். கூடவே ராஜா வயசையும் சொல்லணும். அப்புறம் உனக்குத் துணையா நானும் எல்லை தாண்டணும்!"

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ என்னதான் வழி?"

"திருடன் இன்னொரு தடவை தப்புப் போடணும். போட வைக்கிறேன்."

மறுநாள் சபை கூடியது. ஆவுடையப்பன் கோலைத் தட்டினார். "கலி ஐயாயிரத்து எழுபத்தொன்பதில் அவதரித்த..."

"நிறுத்தும்!" என்றார் பேச்சிமுத்து. "தினமும் எண்பத்தொன்று என்பீரே?"

"இத்தனை நாள் நான் கூவினது பிசகு ஐயா. நேற்று அரண்மனை ஜாதகத்தைப் பார்த்தோம். எழுபத்தொன்பதுதான் சரி."

ஒரே நிமிஷத்தில் ராஜாவுக்கு ரெண்டு வயசு கூடிவிட்டது. சபை வாயைப் பொத்திச் சிரித்தது. ராஜா பல்லைக் கடித்தார். உலகம்மையின் கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய்வந்தது.

பிரதானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மகாராஜா, காலையில் தின்ற பணியாரம் ஒத்துக்கொள்ளவில்லை. இதோ வந்துவிடுகிறேன்." திரைக்குப் பின்னால் போனார்.

உலகம்மை கையில் சாமரம் நின்றுபோச்சு.

திரைக்குப் பின்னாலிருந்து ராஜாவின் குரல் வெடித்தது. "அடேய் திருட்டுப் பயலே! யார் போன்டா இது? கீழே வைடா!"

ராஜாவோ சிம்மாசனத்தில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்!

மூணாவது தப்பு எண்ணுக்குப் போன் போட்ட அதட்டலைப் பிரதானிக்கு அணைக்கவும் தெரியவில்லை. வெளியே போகச் சபை வழியாகத்தான் வாசல். போனைத் தலைப்பாகைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து வந்தார். தலைக்கு மேலே ராஜா அதட்டிக்கொண்டே வந்தார். "அடேய் திருட்டுப் பயலே! கீழே வைடா!"

அன்றைக்குத்தான் அந்தச் சபையில் முதல் தடவையாக ஒரு பிரதானியின் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். பூட்டுத் திறக்காத போன் பொத்தென்று விழுந்தது. உச்சிப்பொழுதில் எல்லை தாண்டினது திருமலைக்கொழுந்து.

ராஜா தன் கையாலேயே உலகம்மைக்குப் பட்டுச்சேலை கொடுத்தார். "தப்பாச் சொல்லிட்டேன் தாயி" என்றார். பேச்சிமுத்துவுக்குத் தங்கத் தட்டு நிறைய லட்டு வந்தது.

"ஓய், சபையிலே என் வயசில் ரெண்டைக் கூட்டிக் கூவ வைத்தீரே, என்ன தைரியம் உமக்கு?" என்றார் ராஜா.

"ரெண்டோடு நிறுத்தினேனே! நிஜ வயசைக் கூவ வைத்திருந்தால் நீங்கள் பல்லைக் கடித்ததோடு விட்டிருப்பீர்களா மகாராஜா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "இனிமேல் பயமே இல்லை. இப்போதே புது எண் போட்டுவிட்டேன். திருடனைப் பிடித்த இந்தப் பொன்னாளின் தேதி! ஆவுடையப்பா, இந்தத் தேதியையும் கட்டியத்தில் சேர்த்துக் கூவு!"

ஆவுடையப்பன் கோலைத் தட்டினார். மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

பேச்சிமுத்து ஒரே தாவாகத் தாவி, தட்டில் இருந்ததிலேயே பெரிய லட்டாகப் பார்த்து எடுத்து அந்த வாயில் அடைத்தார்.