பெரிக்கின் தோல்வியும் பியூலாவின் ஞாயிறும்

இரண்டு பேரைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, குத்தவும் உதைக்கவும் கட்டிப் புரளவும் அனுமதிக்கிற சண்டைகள் அமெரிக்காவில் சனிக்கிழமை இரவில் நடக்கின்றன. பூமி உருண்டையாக இருப்பதால் அவை பாளையங்கோட்டைக்கு ஞாயிறு காலையில், ஆலய மணி அடிக்கும் வேளையில் வந்து சேர்கின்றன. வேதியியல் ஆசிரியர் செல்வின்துரைக்கும் அவர் மனைவி பியூலாவுக்கும் இருந்த ஒரே பிணக்குக்குப் பூமியின் வடிவமே பொறுப்பு.

கல்யாணமான நாள்முதல் பியூலா தனியாகத்தான் ஆராதனைக்குப் போய்வந்தாள். "சார் வரலியாம்மா?" என்று வாசலில் போதகரின் மனைவி கேட்கும்போதெல்லாம், அவருக்குத் தலைவலி என்பாள். "இவ்வளவு தலைவலிக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கக் கூடாதா?" என்று அந்த அம்மாள் மெய்யான கவலையோடு கேட்டதிலிருந்து பியூலாவுக்கு உள்ளே நுழையவே கூச்சமாகிவிட்டது.

அந்தச் சண்டைகளை ரசித்துப் பார்த்து நெடுநாளாகிறது என்று செல்வின் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. வாரந்தவறாமல் சண்டை, பெயர் தெரியாத ஆட்கள். ஒரு வாரம் இருவர் கூண்டுக் கம்பியில் சாய்ந்தபடி, டவுன் பஸ் நெரிசலில் நிற்பவர்களைப் போல மூன்று சுற்றும் ஒட்டிக்கொண்டே நின்றார்கள். அடுத்த வாரம், ஆட்டம் சூடுபிடிக்கிற சமயத்தில் ஒருவன் விரல் இன்னொருவன் கண்ணில் பட்டு எல்லாம் முடிந்தது. அதற்கடுத்த வாரம் நன்றாக அடி வாங்கியவனுக்கே நடுவர்கள் வெற்றியைக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் இதற்கு நாற்காலியை விட்டு எழுந்து கத்துவார். இப்போது "ம்" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன காப்பியைக் குடித்தார். விடைத்தாள் திருத்துகிற முகம்.

ஒரே ஒருவனுக்காகத்தான் இன்னும் விடாமல் பார்த்தார்: பெரிக் என்ற கசாக்ஸ்தான்காரன். வயதேறியவன். எதிரி விழுந்துவிட்டால் மேலே பாய்ந்து குத்தாமல் பின்வாங்கி நிற்கிறவன். அவனுக்கும் ஒரு பிரேசில் இளைஞனுக்கும் சண்டை என்று அறிவிப்பு வந்தது.

"இந்த வாரமாவது வாரியளா?" என்று கேட்டாள் பியூலா.

"பெரிக் சண்டை இருக்கே."

"அந்த மனுசன் எப்பதான் ஓய்வான்?"

"இதுல அவன் தோத்துட்டாம்னா நான் பார்க்கிறதையே விட்டுருதேன். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து உன்கூட ஆராதனைக்கு வாரேன். போதுமா?"

அருகில் இருந்த ரூபன், பியூலாவின் தம்பி, துள்ளி எழுந்தான். "நான் சாட்சி அத்தான்! அக்கா, பிரேசில்காரனுக்காக ஜெபம் பண்ண ஆரம்பிச்சிரு."

"போலே, வாயைப் பாரு" என்றாள் அவள். ஜெபித்தாளா என்பது நமக்குத் தெரியாது.

இரண்டாம் சுற்றில் தாடையில் ஒரு குத்து. பெரிக் விழுந்தான். செல்வின் டிவியை அணைத்தார். அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு நடந்தார். அதற்கடுத்த வாரங்களிலும் நடந்தார். பிரசங்கம் நடக்கையில் கண்ணை மூடி நீளமாகப் பெருமூச்சு விடுவார். பெண்கள் வரிசையிலிருந்து பார்க்கும் பியூலாவுக்கு மனம் கனத்துப்போகும். பாவம், இந்த நேரத்தில் யார் யாரை அடிக்கிறார்களோ என்று ஏங்குகிறார் போல.

அசனப் பண்டிகை வந்தது. சபை முழுவதும் கூடிச் சமைத்து, பந்தி போட்டு உண்கிற ஞாயிறு. குழம்பு ஊற்ற என் வீட்டுக்காரர் வருவார் என்று பியூலா தானாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முந்தின நாள் ரூபன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஓடிவந்தான்.

"அத்தான்! அந்தப் பிரேசில்காரன் ஊக்கமருந்து போட்டிருக்கான். சோதனையில மாட்டிக்கிட்டான். விளையாட்டு ஆணையம் முடிவையே ரத்து பண்ணிட்டுது. பெரிக் தோக்கலை!"

"அப்ப ஜெயிச்சானா?"

"அதுவும் இல்லை. முடிவில்லாத சண்டைன்னு அறிவிச்சிட்டாங்க. தோல்வியே இல்லைங்கும்போது வாக்கு எங்கேருந்து வரும்? நாளைக்குக் காலையில வேற ரெண்டு பேருக்கு உலகப் பட்டத்துக்குச் சண்டை. டிவியைத் தூசி தட்டுங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பியூலா அடுக்களையிலிருந்து வந்தாள்.

"அவன் சொல்லுததுலயும் நியாயம் இருக்கு. பொய்யாப் போன தோல்வியை வச்சு உங்களைக் கட்டிப்போட எனக்கு மனசில்லை. நான் விட்டுட்டேன். நீங்க சண்டையைப் பாருங்க, குழம்பு வாளியை வேற யாராவது தூக்கட்டும்." நாளைக்கென்று தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தாள்.

செல்வின் எழுந்துபோய் அதை வெளியே எடுத்தார். "அவன் விழுந்ததை நான் கண்ணால பார்த்தேன். முடிவை அடிச்சு எழுதிட்டா விழலைன்னு ஆயிருமா? சொன்னா சொன்னதுதான்."

"எங்க அத்தான் இவ்வளவு பெரிய உத்தமரா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனான் ரூபன்.

முடிவு ரத்தானதால் வாக்கும் ரத்து என்றான் ஒருவன். வாக்கைப் பெற்றவள் விட்டுக்கொடுத்தாள். கொடுத்தவர் விடுபட்ட பிறகும் அதைக் காப்பாற்றினார். இம்மூவரில் உயர்ந்து நின்றவர் யார்?

ரூபன் இல்லை. ஆணையம் திருத்தியது இரண்டு சண்டைக்காரர்களின் வரலாற்றை; செல்வின் ஆணையத்துக்கு வாக்குக் கொடுக்கவில்லை, மனைவிக்குக் கொடுத்தார். விடுவிக்கும் உரிமை அவளுடையது மட்டுமே. செல்வின்தான் என்று பலரும் சொல்லக்கூடும். அவர் எதை இழந்தார்? எப்போதோ அலுத்துப்போன ஒன்றை. பிரசங்கத்தில் அவர் விட்டது ஏக்கப் பெருமூச்சு அல்ல; யார் வென்றார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை அறியாத பியூலாவோ, தான் மிகவும் விரும்பிய ஒன்றைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தாள். ஆகவே பியூலாதான். ஆனால் ரூபன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்ததால், மறுநாள் பந்தியில் எல்லாரும் செல்வினின் வாக்குத் தவறாமையைத்தான் புகழ்ந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து விளக்க வேண்டும். அவருக்கு அலுப்பாக இருந்தது. குழம்பு வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.