வாத்து வக்கீலின் தொண்டைக்கட்டு

குருவுக்கு நாற்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவை டீச்சர் என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

குருவின் பெயர் எஸ்தர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் வந்துகொண்டிருந்த வாத்து வக்கீல் பரஞ்சோதி என்ற கைப்பொம்மைக்குக் கையும் குரலும் கொடுத்தவர். கறுப்புக் கோட்டு போட்ட அந்த வாத்து நான்கு வருடங்களில் ஒரு வழக்கில்கூட ஜெயிக்கவில்லை. ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இப்போது வக்கீலை வைத்துச் சினிமா எடுத்திருக்கிறார்கள். மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் கையை மேலே தூக்கிப் பிடிக்கும் வேலை அது. எஸ்தருக்குத் தோள் எழவில்லை. அந்தக் காலத்தில் அதே செட்டில் லைட் போட்டுக்கொண்டிருந்த சிகாமணிக்கு மூன்று வருடம் சொல்லிக்கொடுத்து, பொம்மையை அவர் கையில் மாட்டிவிட்டார்.

முதல் நாள் சொன்ன பாடம் இரண்டே இரண்டு. கையும் குரலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். பொம்மை கையில் இருக்கும்போது ஆள் பேசக் கூடாது, பொம்மைதான் பேச வேண்டும்.

டிரெய்லர் வெளியான மறுநாள் காலை சிகாமணி ஒரு நோட்டோடு வந்தார். ராத்திரி தூங்காத முகம்.

“டீச்சர், நான் தோத்துட்டேன்.”

“உக்காருங்க அண்ணே. காபி குடிச்சுட்டுத் தோக்கலாம்.”

அவர் உட்காரவில்லை. “ஜனங்க திட்டித் தீக்கிறாங்க. எல்லாத்தையும் இதுல எழுதிவெச்சிருக்கேன். தயாரிப்பாளர் போன் பண்ணாரு. குரலை டீச்சரே டப்பிங் பேசட்டும், படத்துல உங்க கை மட்டும் இருக்கட்டும்கிறாரு. பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

“என்ன சொல்லப்போறீங்க?”

“சரின்னுதான். படம் கெடக்கூடாதில்ல?”

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. மூன்று வருடமாகக் குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் பழகிய குரல். வீட்டுக்காரம்மா ‘இந்த வாத்தோட என்னால குடும்பம் நடத்த முடியாது’ என்று பிறந்த வீட்டுக்கே ஒரு வாரம் போய்விட்டு வந்தார்.

எஸ்தர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்த நோட்டுல உங்க பேர் எத்தனை இடத்துல இருக்கு?”

சிகாமணி பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

“ஒரு இடத்துலயும் இல்ல டீச்சர்.” திட்டு வாங்கியதைவிட இது அவருக்கு அதிகமாக வலித்தது.

“என் பேரும் வந்ததில்ல,” என்றார் எஸ்தர், ரொம்ப சந்தோஷமாக. “மூட்டை மூட்டையா லெட்டர் வரும். எல்லாம் திரு. பரஞ்சோதி, பி.ஏ., பி.எல். அவர்கள்னுதான் வரும். ஒருத்தர் பத்திரத்தோட நகலையே இணைச்சு, வரப்புத் தகராறுக்கு யோசனை கேட்டிருந்தாரு.”

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“நான் எதுக்குப் போடணும்? வக்கீல் போட்டாரு. ‘ஐயா, உங்க நிலம் உங்களுக்கு வேணும்னா வேற வக்கீலைப் பாருங்க’ன்னு.”

சிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டார்.

எஸ்தர் அலமாரியிலிருந்து டிவி காலத்துப் பழைய வக்கீலை எடுத்துத் தூசி தட்டினார். “மாட்டுங்க.”

சிகாமணி வலது கையில் பொம்மையை மாட்டினார். எஸ்தர் தன் போனை எடுத்து, டிரெய்லருக்கு அடியில் இருந்த கமெண்டுகளைப் படிக்க ஆரம்பித்தார். சிகாமணியைப் பார்க்கவில்லை, வாத்தைப் பார்த்துப் படித்தார். வாத்து கழுத்தைச் சாய்த்துக் கேட்டது.

“வக்கீலே, இருபத்திரண்டு வருஷத்துக்கு வாய்தா வாங்கிட்டு எங்கய்யா போயிருந்தீர்?”

வாத்து இருமியது. “ஜட்ஜு தூங்கிட்டாரு. எழுப்பினா மரியாதை இல்லன்னு உக்காந்திருந்தேன்.”

“கோட்டு புதுசா இருக்கு. பழைய கோட்டுல நடு பட்டன் இருக்காது. இது எங்க வக்கீல் இல்ல.”

“சினிமாக்காரங்க தைச்சுப் போட்டுட்டாங்கம்மா. இடைவேளைக்குள்ள பிச்சுடுவேன்.”

“ரொம்ப இளைச்சுட்டீங்க சார்.”

“கேஸ் கிடைச்சாத்தானே சோறு?”

எஸ்தர் அடுத்ததைப் படிப்பதற்கு முன் சற்றே நிறுத்தினார். நோட்டில் சிகாமணி சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தது அதுதான்.

“வக்கீலுக்குக் குரல் மாறிப்போச்சு. கரகரன்னு இருக்கு. கேக்கவே கஷ்டமா இருக்கு.”

வாத்தின் அலகு பாதி திறந்தது, மூடிக்கொண்டது. எஸ்தர் அவசரப்படுத்தவில்லை. கீழே தெருவில் ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துப் போனது.

பிறகு வாத்து கழுத்தை நிமிர்த்தி எஸ்தரைப் பார்த்தது.

“இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட யாருமே பேசலையேம்மா. தொண்டை கட்டாதா?”

எஸ்தர் போனைக் கீழே வைத்துவிட்டார். கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. அது அவர் சொல்லிக்கொடுத்த வசனம் இல்லை. அவருக்கே தோன்றியிருக்காத வசனம்.

ஆறிப்போன காபியைச் சிகாமணி இடது கையால் எடுத்துக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. நோட்டு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவருடைய போன் அடித்தது. திரையில் தயாரிப்பாளர் பெயர். சிகாமணி பதறிப்போனார்.

“டீச்சர், அவர்தான். நான் என்ன சொல்லட்டும்?”

எஸ்தர் அவர் வலது கையைப் பார்த்தார்.

“பொம்மை இன்னும் கையில இருக்கு அண்ணே. போனை வக்கீல்கிட்ட குடுங்க.”