மடத்தில் ஒரு கள்ளாட்டம்

கோமதிநாயகம் தூக்குவாளியைக் கொண்டுவந்து மடத்து அடுக்களை வாசலில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே அது காலியாக இல்லை என்று தெரிந்தது.

தளவாய் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சங்கரநயினாரா?" என்றார் நிமிராமல்.

"அவர்தான் சாமி. இன்னைக்கும் ஒரு வாயோட சரி."

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்திலிருந்து, ஊருக்குள் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு போகும். கொண்டுபோகிறவர் கோமதிநாயகம். கூட்டுறவுச் சங்கத்து வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட வயதில் இளையவரான தளவாய் சாமியைக் குருவாக ஏற்று வந்தவர். யாரிடமும் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

சங்கரநயினார் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் ஏறினால் டிக்கெட் எடுத்தவன்கூட ஒருமுறை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வானாம். இப்போது எண்பதை நெருங்கிவிட்டார். மனைவி போய்விட்டாள். ஒரு மகன் மஸ்கட்டில், இன்னொருவன் ஓசூரில். மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார்.

"டாக்டரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். உடம்புக்கு ஒண்ணுமில்லைங்கிறார். பிள்ளைகளை வீடியோவில் பேச வச்சேன். ரேடியோ வாங்கிக் கொடுத்தோம். நானும் நித்தம் அன்பாத்தான் பேசுறேன்" என்றார் கோமதிநாயகம். "இப்படியே போனா இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார். இன்னும் எதைக் கொடுக்கிறது சாமி?"

சாமி கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

"நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் இருவரும் போனார்கள். கதவு சாத்தித்தான் இருந்தது. கோமதிநாயகம் மெல்லத் தள்ளித் திறந்தார். கட்டிலருகே குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்.

"ஐயா, சாமியே வந்திருக்காங்க. எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிடுவோமா?"

சங்கரநயினார் எழுந்து உட்கார்ந்து சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு வாய் வைத்தார். தட்டைத் தள்ளினார்.

"குழம்புல உப்பே இல்ல."

"ஆமாய்யா. நாளைக்குக் கூடப் போடச் சொல்றேன்" என்றார் கோமதிநாயகம்.

"நேத்து உப்பு கூடிப்போச்சு."

"ஆமாய்யா, கூடித்தான் போச்சு."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

சாமி தட்டிலிருந்து ஒரு விரல் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. உம்ம நாக்குதான் சரியில்ல."

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கரநயினார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன சாமி சொன்னீரு?"

"காது நல்லாத்தான் கேட்குது. நாக்குதான் போச்சு."

மற்றொரு கண்ணும் திறந்தது.

சாமி இடுப்பு மடியிலிருந்து தாயக்கட்டையையும் காய்களையும் எடுத்தார். கேட்காமலே தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டார். "அஞ்சு வயசுப் பிள்ளைகூட ஆடும். உம்மால முடியாட்டி விட்டிரும்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டால் தோற்றதாகிவிடுமே. சங்கரநயினார் கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்கச் சிரமமாக இருந்தது. கோமதிநாயகம் தாங்கப் போனார். கிழவர் கையைத் தட்டிவிட்டார்.

ஆட்டம் கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சாமிக்கு ஐந்து விழுந்தது. ஆறு கட்டம் நகர்த்தினார். கிழவரின் காயை வெட்டினார்.

"ஏ, நில்லும்! அஞ்சுதானவே விழுந்துச்சு?"

"அஞ்சுதான் போனேன்."

"ஆறு போயிருக்கீரு! என் கண்ணுக்கு முன்னாலயா? எத்தனை பேரை வண்டிய விட்டு இறக்கிவிட்டவன் நான்! காவி கட்டிக்கிட்டுக் கள்ளாட்டம் ஆடுதீரே, வெக்கமா இல்ல?"

"ஆட்டம் தெரியாதவரோட ஆடினது என் தப்பு" என்று சாமி எழுந்தார். "வாரும் கோமதி, போவோம்."

சங்கரநயினார் வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தார். அவர் போட்ட சத்தத்தில், பல மாதமாகச் சாத்தியே கிடந்த எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த வீட்டிலும் தனியாகத்தான் இருந்தார் உலகம்மாள். அவருக்கும் சாப்பாடு மடத்திலிருந்துதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

வழிநெடுகக் கோமதிநாயகத்துக்கு மனம் ஆறவில்லை.

"சாமி, தெருவே கேட்கக் கள்ளன்னு சொல்லிட்டாரே."

"ஆமா. அவருக்கு மூச்சு வாங்கிச்சா?"

"இல்ல."

"நல்ல தொண்டை" என்றார் சாமி.

அடுத்த நாள் மதியம் கோமதிநாயகம் தூக்குவாளிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மடத்து வாசலில் குரல் கேட்டது.

"எங்கவே உங்க சாமி?"

சங்கரநயினார் நின்றுகொண்டிருந்தார். குளித்திருந்தார். முகம் மழித்திருந்தார். பக்கத்தில் உலகம்மாள்.

"ஜன்னல்ல நின்னு பார்த்திருக்கா. சாட்சிக்குக் கூட்டியாந்தேன்" என்றார்.

"நான் எங்க பார்த்தேன்? சத்தந்தான் கேட்டுது" என்றார் உலகம்மாள்.

"அது போதும்."

கூடத்தில் மறுபடியும் கட்டம் போட்டார்கள். சாமி மறுபடியும் ஏமாற்றினார். மறுபடியும் பிடிபட்டார். இந்தமுறை உலகம்மாள் கிழவருக்குத் துணையாகப் பேசி, அடுத்த காய்க்கே சாமி பக்கம் சாய்ந்துவிட்டார். அதற்கு ஒரு தனிச் சண்டை. நடுவில் யார் இலை போட்டார்கள், யார் பரிமாறினார்கள் என்று சங்கரநயினார் கவனிக்கவே இல்லை. பேசிக்கொண்டே சாப்பிட்டார். ரசம் வரும்போதுதான் நிமிர்ந்து, "குழம்புல உப்பு இல்லயே" என்றார்.

"எனக்கு இருக்கு" என்றார் உலகம்மாள்.

"உனக்கு என்னிக்கு என்ன தெரிஞ்சிருக்கு?"

நாளாக ஆக, சாப்பாடு போகிற மற்ற வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நடக்க முடியாத ஒருவரைக் கோமதிநாயகம் ஆட்டோவில் கூட்டி வந்தார். தெருவில் போகிற தூக்குவாளிகள் குறைந்தன. கூடத்தில் இலைகள் கூடின. வாசலில் செருப்புகளை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், அதற்கும் தகராறு வந்தது.

ஒருநாள் சங்கரநயினாருக்கு ஐந்து விழுந்தது. காயை எடுத்துத் தட்டித் தட்டி நகர்த்தினார். ஆறாவது கட்டத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

"சரிதான கோமதி? அஞ்சுதான?"

"ஆமாய்யா. நீங்க சொன்னா சரிதான்."

கிழவரின் கை காய்மேலேயே நின்றது. அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த முகம் கோமதிநாயகத்துக்கு நன்றாகத் தெரியும். சாமி எதிரே கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் குனிந்து கட்டங்களை விரலால் எண்ணினார்.

"இல்லய்யா" என்றார். "ஆறு போயிட்டீங்க. ஒரு கட்டம் பின்னால வைங்க."



"எவன்டா அது என்னைக் கேட்கிறது?" சங்கரநயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சர்வீஸ்ல ஒரு ரிமார்க் வாங்காதவன் நான்! எனக்கா எண்ணத் தெரியாது?"

"தெரியும். தெரிஞ்சேதான் வச்சீங்க."

"பார்த்தியா உலகம்மா, இவன் வாயை! பூனை மாதிரி இருந்தவன்!"

"அவரு சொல்றதுதான் நியாயம். பின்னால வையும்" என்றார் உலகம்மாள்.

அன்று சாயங்காலம் வரை சத்தம் ஓயவில்லை. கிளம்பும்போது கிழவர் வாசலில் நின்று கோமதிநாயகத்தை நோக்கி விரலை ஆட்டினார். "நாளைக்கு வாரேன். நீரு என்கூட உட்காரும். உம்மைப் பார்த்துக்கிடுதேன்." சொல்லிவிட்டு, அவர் தோளையே பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

எல்லோரையும் அனுப்பிவிட்டுத் திரும்பிய கோமதிநாயகம், கட்டத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த சாமியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, வாழ்நாளெல்லாம் பிறத்தியாரைப் பிடிச்ச மனுஷன். அவர் எதுக்குக் கள்ளாட்டம் ஆடணும்?"

"நேத்தும்தான் ஆடினாரு. ரெண்டு கட்டம் கூடப் போனாரு."

"நீங்க பார்த்தீங்களா? ஒண்ணும் சொல்லலையே!"

சாமி துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"அந்தச் சண்டையை நாளைக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.