பூவாயி அழித்த கோலம்

அந்தக் காலத்தில், ஊர்வன எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், மங்கிய ஓட்டோடு ஒரு கட்டாமையைப் பார்க்க முடியாது. குஞ்சானாலும் கிழடானாலும் கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாய் விரிந்து மின்னும். கல்லிலோ முள்ளிலோ உரசிவிடாமல் அவ்வளவு பத்திரமாய் நடப்பார்கள். வருஷத்துக்கு ஒரு வளையம் ஓட்டில் ஏறும். எண்ணினால் வயது தெரிந்துவிடும்.

அதுதான் வினை. அந்தக் கரட்டுக் காட்டில் இருந்தது ஒரே ஒரு சுனை. மழை பொய்த்துவிட்டால், முப்பது வளையம் கண்ட ஆமை சுனையை விட்டுப் போய்விட வேண்டும், மிச்சத் தண்ணீர் இளசுகளுக்கு என்று ஒரு வழக்கம். எண்ணி அனுப்புவது உடும்பு நாட்டாமையின் வேலை. போன பஞ்சத்தில் பூவாயி என்ற ஆமையின் அக்காள் அப்படித்தான் போனாள். பிறகு அவளுடைய வெறும் ஓடுதான் கிடைத்தது.

இந்தப் பஞ்சத்தில் பூவாயிக்கும் அவள் புருஷன் ஒச்சுவுக்கும் முப்பது. காட்டிலேயே அழகான ஓடு பூவாயியுடையது. சுனைக்குப் போனால் குடிப்பது கொஞ்சம், தண்ணீரில் தன் ஓட்டைப் பார்ப்பது அதிகம். ஆனால் இப்போது அவள் கவலை வேறு. சுனைக்கரை மண்ணில் ஐந்து முட்டை புதைத்திருந்தாள். தினமும் வாயில் தண்ணீர் கொண்டுவந்து மேல்மண்ணை நனைத்தாள். இரண்டு நாள் விட்டால் முட்டை வெந்துவிடும். விஷயத்தைச் சொல்லி நாட்டாமையிடம் கெஞ்சலாம் என்றால், உடும்புக்கு முட்டை என்றால் உயிர்.

"நாளைக்குக் காலையில நாட்டாமை வாராராம்" என்று முயல் சொல்லிவிட்டுப் போனது.

ஒச்சு சோம்பேறி. பாறை இடுக்கில்தான் எந்நேரமும் படுக்கை. அன்று அவன் வெளியே வந்தபோது பூவாயி உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க வலப்பக்கத்துல வளையத்தைக் காணோமே?"

"அங்கன படுத்துப் படுத்துத் தேஞ்சு போச்சு புள்ள. அதுக்கு என்ன இப்ப?"

பூவாயி விறுவிறுவென்று அந்த இடுக்கை நோக்கி நடந்தாள். ஒச்சுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"கோலமும் சேர்ந்து போயிருமே புள்ள!"

"வளையம் மட்டும் போற மாதிரி தேய்க்க முடியாதா?"

"ரெண்டும் ஒரே ஓட்டுலதான இருக்கு?"

பூவாயி கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டு இடுக்குக்குள் ஓட்டைக் கொடுத்தாள். போனாள், வந்தாள், போனாள், வந்தாள். மஞ்சள் தூளாய் உதிர்ந்தது. ஒச்சுவும் பின்னாலேயே நுழைந்தான். பொழுது சாயும்போது இரண்டு பேரும் ஆற்றுக் கூழாங்கல்போல் இருந்தார்கள்.

காலையில் நாட்டாமை வந்தது. ஒச்சுவின் முதுகை நக்கிப் பார்த்துக் குழம்பியது. பிறகு பூவாயியிடம் வந்தது. அவள் நின்ற இடத்துக்குக் கீழேதான் முட்டைகள். உடும்பின் நாக்கு அவள் ஓட்டில் நீள, மண்ணுக்குள்ளே ஏதோ லேசாய்க் கீறும் சத்தம் கேட்டது. பூவாயி வயிற்றை மண்ணோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன இது, வழுவழுன்னு இருக்கு? எண்ண ஒண்ணையும் காணோமே. ஒனக்கு வயசென்ன?"

பூவாயி பொய் சொல்லிப் பழகாதவள். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயந்து, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

நாட்டாமை இரண்டு முறை சுற்றி வந்தது. "எண்ண முடியாததை நான் எந்தக் கணக்குல வெரட்டுறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

நான்காம் நாள் மழை கொட்டியது. நனைந்த மண்ணைப் பிளந்துகொண்டு ஐந்து குஞ்சுகளும் வெளியே வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பூவாயியின் பழைய கோலம், ஒரு கோடு குறையாமல். அவளைக் கல் என்று நினைத்து அவள்மேல் ஏறப் பார்த்தன.

"இந்தக் கல்லு அழுவுதுடீ!" என்றது ஒன்று.

"கல்லு இல்ல கண்ணு, ஒங்க ஆத்தா" என்றாள் பூவாயி. அழகு போன துக்கம் அந்த நிமிஷத்தோடு அவளை விட்டுப் போயிற்று.

விஷயம் தெரிந்ததும் காட்டிலிருந்த மூத்த ஆமைகளெல்லாம் பாறை இடுக்குத் தேடிப் புறப்பட்டன. அன்று முதல்தான் குஞ்சில் மின்னுகிற ஆமை ஓடு, வயது ஏற ஏற மங்கி வழுவழுப்பாகிறது. சந்தேகமிருந்தால் ஒரு கிழட்டு ஆமையிடம் போய் வயதைக் கேட்டுப் பாருங்கள். தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.